கிரேடியஸ் ஏன் இவ்வளவு கஷ்டம்?

பழைய விண்வெளி ஷூட்டர் கேம்கள் என்று பேச்சு எடுத்தாலே, "அதெல்லாம் கை வேகம் இருக்கிறவங்களுக்கு" என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் நான் காட்ட விரும்பும் கேம் கிரேடியஸ். கோனாமி நிறுவனம் 1985இல் ஜப்பானில், கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரமாக வெளியிட்டது. பல வெளிநாடுகளில் இதன் பெயர் நெமிசிஸ். கஷ்டமான கேம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கஷ்டத்தில் கை வேகத்தின் பங்கு கொஞ்சம்தான். எதை எப்போது வாங்குவது என்ற முடிவில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி, செத்த பிறகு வெறுங்கையோடு திரும்பி எழுந்து வருவதில் இருக்கிறது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால், இதே வகையைச் சேர்ந்த வேறு பல கேம்களும் புரிந்துவிடும்.

முதலில் அடிப்படை. திரை இடமிருந்து வலமாகத் தானாக நகரும். உங்கள் விண்கலத்தின் பெயர் விக் வைப்பர். எதிரி மேல் பட்டாலோ, குண்டு பட்டாலோ, பாறையில் உரசினாலோ ஒரே அடியில் போய்விடும். உயிர் மீட்டர் மாதிரி எதுவும் கிடையாது. கோனாமியே 1981இல் ஸ்க்ராம்பிள் என்று ஒரு கேம் வெளியிட்டிருந்தது. தரையும் கூரையும் உள்ள குகைகளுக்குள் பறந்துகொண்டே சுடும் கேம் அது. கிரேடியஸை உருவாக்கிய ஹிரோயாசு மச்சிகுச்சியின் குழு முதலில் அதன் அடுத்த பாகமாகத்தான் இதை யோசித்தது. பாறையில் மோதிச் சாவதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

சரி, ஆர்கேட் இயந்திரத்தின் பட்டன்களைப் பாருங்கள். ஒரு ஜாய்ஸ்டிக், சுட ஒரு பட்டன், மிஸைலுக்கு ஒரு பட்டன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பவர்-அப் பட்டன். கேமின் மூளை முழுக்க அந்த மூன்றாவது பட்டனில்தான்.

திரையின் அடியில் வரிசையாக ஆறு கட்டங்கள் இருக்கும்: ஸ்பீடு அப், மிஸைல், டபுள், லேசர், ஆப்ஷன், கடைசியில் வெறும் ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி என்பது ஷீல்டு. சில எதிரிகளைச் சுட்டால் சிவப்பு கேப்ஸ்யூல் ஒன்று விழும். கூட்டமாக வரிசை கட்டி வரும் எதிரிகளில் ஒருவர் விடாமல் எல்லாரையும் வீழ்த்தினால் ஒன்று கிடைக்கும். சிவப்பு நிறத்தில் வரும் எதிரியும் ஒன்று தரும். ஒவ்வொரு கேப்ஸ்யூலுக்கும் வெளிச்சம் ஒரு கட்டம் வலப்பக்கம் நகரும். எந்தக் கட்டத்தில் வெளிச்சம் இருக்கிறதோ அந்தப் பொருள் வேண்டும் என்றால் பவர்-அப் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தியதும் அது உங்களுடையது, வெளிச்சம் அணைந்து கணக்கு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும்.

அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலை இருக்கிறது. ஸ்பீடு அப் ஒரு கேப்ஸ்யூல், மிஸைல் இரண்டு, டபுள் மூன்று, லேசர் நான்கு, ஆப்ஷன் ஐந்து, ஷீல்டு ஆறு. மற்ற ஷூட்டர் கேம்களில் வழியில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு போவதோடு சரி. இங்கே சில்லறை சேர்த்துக் கடைக்குப் போகிறீர்கள். மூன்று கேப்ஸ்யூல் கையில் இருக்கும்போது திரையில் நெருக்கடி வந்துவிட்டது. இப்போதே டபுளை வாங்கிச் சமாளிப்பதா, இன்னும் இரண்டு சேர்த்து ஆப்ஷனாக எடுப்பதா? இந்தக் கேள்வி கேம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். குண்டுகளுக்கு நடுவே ஒதுங்கிக்கொண்டே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஷீல்டு கலத்தின் முன்பக்கத்தை மட்டும்தான் காக்கும், அடி வாங்க வாங்கத் தேய்ந்து ஒரு கட்டத்தில் போய்விடும். அதனால் நன்றாக ஆடுபவர்கள் ஷீல்டு போட்ட பிறகு மறுபடி ஆறு கேப்ஸ்யூல் சேர்த்து, வெளிச்சத்தைக் கேள்விக்குறி கட்டத்திலேயே நிறுத்தி வைத்துக்கொள்வார்கள். பழைய ஷீல்டு உடைந்த அடுத்த நொடி பட்டனைத் தட்டினால் புதியது வந்துவிடும். ஆனால் ஏழாவது கேப்ஸ்யூல் ஒன்றைத் தெரியாமல் தொட்டுவிட்டால் வெளிச்சம் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும், சேமிப்பு முழுக்க வீண். ஆகவே அந்த நேரத்தில் எதிரியின் குண்டுக்கு ஒதுங்குவது போலவே கேப்ஸ்யூலுக்கும் ஒதுங்க வேண்டும். பரிசே ஆபத்தாக மாறும் இந்த யோசனையை 1985லேயே ஒரு கேமில் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது இன்றும் வியப்பாக இருக்கிறது.

பொருள்களில் விளக்கம் அதிகம் தேவைப்படுவது ஆப்ஷன். ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் உருண்டை. கலம் போன பாதையிலேயே பின்னால் வரும், கலம் சுடும்போது தானும் சுடும். அதற்கு அடிபடாது, சாவும் கிடையாது. ஆர்கேடில் நான்கு வரை வைத்துக்கொள்ளலாம். தாய்க்கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் போவது போல வரிசையாக வரும், ஒரு வித்தியாசத்தோடு: நீங்கள் நின்றால் அவையும் நின்ற இடத்திலேயே நிற்கும், கிட்டே வந்து சேராது. இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மேலிருந்து கீழாக ஒரு கோடு போல நகர்ந்து நின்றால், நான்கு ஆப்ஷனும் உங்களுக்கு மேலே செங்குத்தாக வரிசை கட்டி நிற்கும். எல்லாரும் லேசர் சுட்டால் திரையின் பெரும்பகுதியைத் துடைத்துவிடலாம். புதிதாக ஆடுபவர்கள் கலத்தை மட்டும் ஓட்டுகிறார்கள். பழகியவர்கள் கலத்தை ஓட்டிக்கொண்டே பின்னால் வரும் நான்கையும் எங்கே நிறுத்துவது என்று பார்க்கிறார்கள்.

ஸ்பீடு அப் பற்றி ஒரு எச்சரிக்கை. தொடக்கத்தில் விக் வைப்பர் நகரும் வேகம் மிகக் குறைவு. முதல் கேப்ஸ்யூலை வேகத்துக்கே செலவிட வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. இரண்டாவது முறையும் எடுக்கலாம். அதற்கு மேல் போனால் கலம் கைக்கு அடங்காது, லேசாக ஜாய்ஸ்டிக்கைத் தொட்டாலே பாறையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஏற்றிய வேகத்தைக் குறைக்க வழியில்லை. சாவது ஒன்றுதான் வழி.

சுடுவதிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரே நேரத்தில் திரையில் உங்கள் குண்டுகள் இத்தனைதான் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. சுட்ட குண்டு எதிலாவது பட்டோ திரையை விட்டு வெளியேறியோ மறைந்தால்தான் அடுத்தது வரும். தொலைவில் உள்ள எதிரியைச் சுட்டுத் தவறவிட்டால், அந்தக் குண்டு திரையின் விளிம்பைத் தொடும் வரை உங்கள் கை கட்டப்பட்டிருக்கும். எதிரிக்கு அருகில் நின்று சுட்டால் குண்டு உடனே பட்டு மறையும், உடனே அடுத்தது கிளம்பும். கிட்டப் போனால் அதிக வேகம், அதிக ஆபத்து. எட்ட நின்றால் பாதுகாப்பு, ஆனால் மந்தம். இது ஷூட்டர் கேம்களுக்கே பொதுவான, மிகப் பழைய பேரம்.

அப்புறம் எதிரிகளின் குண்டு. கிரேடியஸில் பெரும்பாலான குண்டுகள் குறி வைத்துச் சுடப்படுபவை. குறி எதன் மேல் என்றால், சுட்ட அந்தக் கணத்தில் கலம் இருந்த இடத்தின் மேல். அதன் பிறகு குண்டு நேர்கோட்டில்தான் போகும், உங்களைத் துரத்தி வளையாது. இதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறைந்துவிடும். திரை முழுக்கத் தாறுமாறாக ஓடினால் குண்டுகளும் நாலா பக்கமும் சிதறி, ஒதுங்க இடமில்லாமல் போகும். ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்தால் எல்லாக் குண்டும் உங்களுக்குப் பின்னால் ஒரு கோடாகப் போகும். பிறகு ஒரு இடைவெளி பார்த்துத் திசை மாறிக்கொள்ளலாம். கை எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை விட, எவ்வளவு குறைவாக அசைத்தால் போதும் என்று தெரிவதுதான் இங்கே திறமை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

மேலே சொன்ன விலைப்பட்டியலை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு ஸ்பீடு அப் எடுக்க 2, மிஸைல் 2, லேசர் 4, நான்கு ஆப்ஷனுக்கு 20, ஷீல்டு 6. மொத்தம் 34 கேப்ஸ்யூல். ஒரு கலத்தை முழுமையாக ஆயுதமேற்ற இத்தனை சேர்க்க வேண்டும். அப்படி ஏற்றி முடித்த கலத்தின் பின்பக்கம் ஒரே ஒரு குண்டு பட்டால் 34உம் போயிற்று. அடுத்த உயிர், வேகமே இல்லாத, ஒற்றைக் குண்டு சுடும் வெறும் கலமாகத் தொடங்கும். அதுவும் செத்த இடத்தில் இல்லை. கொஞ்சம் பின்னால் ஏற்கெனவே குறித்து வைத்த ஓர் இடத்துக்கு, அதாவது செக்பாயின்டுக்கு, உங்களைத் தூக்கிப் போட்டுவிடும். முழு ஆயுதத்தோடு தட்டுத் தடுமாறி வந்த பாதையை இப்போது எந்த ஆயுதமும் இல்லாமல் கடக்க வேண்டும். கடக்க முடியாமல் மறுபடி சாவீர்கள். மறுபடி அதே இடம், அதே வெறும் கலம். மிச்சமிருந்த உயிர்கள் எல்லாம் ஒரே செக்பாயின்டில் கரைந்துபோகும். இந்த வகை கேம்களை ஆடுபவர்கள் இதற்கு கிரேடியஸ் சிண்ட்ரோம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு தடவை செத்தால் ஆட்டமே முடிந்த மாதிரி ஆகிவிடும் நிலை.

மூன்றாவது ஸ்டேஜ் இதற்கு நல்ல உதாரணம். ஈஸ்டர் தீவின் மோவாய் சிலைகள் மேலும் கீழும் வரிசையாக நிற்கும். வாயைத் திறந்து வளையம் வளையமாகத் துப்பும். வாய்க்குள் சுட்டால் மட்டுமே சிலை உடையும். வளையங்களையும் சுட்டு அழிக்கலாம். நான்கு ஆப்ஷனும் லேசரும் இருந்தால் இந்த ஸ்டேஜ் ஒரு கொண்டாட்டம். நீங்கள் நகர்வதற்குள் சிலைகள் உடைந்துகொண்டே போகும். அங்கே செத்து வெறும் கலத்தோடு திரும்பி வந்தால் அதே சிலைகள் வேறு கேம் போலத் தெரியும். சுடும் குண்டு வளையங்களுக்கே போதாது, சிலையை எங்கே உடைப்பது? மெதுவாக நகரும் கலத்தால் வளையம் வந்த பிறகு ஒதுங்கவும் முடியாது. வளையம் வருவதற்கு முன்பே சரியான இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் எரிச்சலடைந்து கேமை விட்டுவிடுகிறார்கள். நான் சொல்வது, இதே இடத்தில்தான் கேமின் இரண்டாவது பாதி தொடங்குகிறது. செக்பாயின்டிலிருந்து வெறும் கலத்தோடு மீண்டு வருவதைத் தனிக் கலையாகவே ஜப்பானிய ஆட்டக்காரர்கள் பயின்றார்கள். ஒவ்வொரு செக்பாயின்டுக்கும் ஒரு வழி உண்டு. எதிரிகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே வரிசையில்தான் வருவார்கள். ஆகவே முதல் கேப்ஸ்யூல் எந்த எதிரியிடம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கற்க வேண்டும். அதை எடுத்ததும் வேகம். அடுத்த இரண்டு கேப்ஸ்யூல் எங்கே? தரையில் பீரங்கிகள் நிறைய உள்ள இடமென்றால் அவற்றை மிஸைலுக்குச் செலவிடலாம். மிஸைல் கீழே விழுந்து தரையோடு சறுக்கிக்கொண்டே போகும். கூரையிலிருந்து தொல்லை என்றால் இன்னொன்று சேர்த்து டபுள். அது ஒரு குண்டை நேராகவும் இன்னொன்றைச் சாய்வாக மேலேயும் சுடும். லேசரும் டபுளும் ஒன்றாக இருக்க முடியாது, ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் அதற்கேற்ற வாங்கும் வரிசை வேறு. முழு ஆயுதம் இருக்கும்போது சோம்பலாக எடுத்த முடிவுகளை இப்போது ஒவ்வொன்றாக யோசித்து எடுக்க வேண்டியிருக்கும். அப்படி எழுந்து வந்து, மறுபடி முதல் ஆப்ஷனை எடுக்கும் அந்தக் கணத்தின் மகிழ்ச்சி, சாகாமலே ஆடி முடிப்பதில் வராது. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு விஷயம் வெளியே தெரியாமல் நடக்கிறது. ஆட்டக்காரர்கள் அதை ரேங்க் என்பார்கள். நீங்கள் பலமாக ஆக ஆக, எதிரிகள் சுடுவதும் கூடும். செத்தால் அது தணியும். ஆகவே வெறும் கலத்தோடு எழும்போது, முழு ஆயுதத்தோடு பார்த்த அதே அடர்த்தியில் குண்டு வராது. மீண்டு வர கேம் மறைமுகமாகக் கொஞ்சம் இடம் விடுகிறது. எல்லா ஆயுதமும் எடுப்பது எப்போதும் நல்லதா என்ற கேள்வியும் இதிலிருந்துதான் பிறக்கிறது. தேர்ந்தவர்கள் சில இடங்களில் வேண்டுமென்றே ஒரு பொருளை வாங்காமல் தள்ளிப்போடுவது இதனால்தான்.

ஏன் இப்படிக் கஷ்டமாக வடிவமைத்தார்கள்? இது காசு போட்டு ஆடும் இயந்திரம். ஜப்பானில் ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக 100 யென் நாணயம். ஒரு நாணயத்தில் ஒருவர் மணிக்கணக்கில் நின்றால் கடைக்காரருக்கு நட்டம், இரண்டு நிமிடத்தில் செத்தால் ஆடுபவர் திரும்பி வரமாட்டார். இடையில் ஒரு புள்ளியைப் பிடிக்க வேண்டும். கிரேடியஸுக்கு முடிவும் கிடையாது. கடைசி ஸ்டேஜின் பாஸ், அதாவது முடிவில் வீழ்த்த வேண்டிய பெரிய எதிரி, கோட்டைக்குள் இருக்கும் ஒரு பெரிய மூளை. அது உங்களை எதிர்த்துச் சுடுவதே இல்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவருக்கு அதை எளிதாக வீழ்த்தும் பெருமையைக் கேம் கொடுத்துவிடுகிறது. பிறகு முதல் ஸ்டேஜ் மறுபடி தொடங்கும், இந்த முறை இன்னும் கடுமையாக.

அந்தக் கால இயந்திரத்தைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. முதலில் வந்த கிரேடியஸ் இயந்திரங்கள் பபிள் மெமரி என்ற ஒரு வகை நினைவகத்தில் ஓடின. அது சூடேறினால்தான் வேலை செய்யும். கடையைத் திறந்து மின்சாரம் கொடுத்ததும் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வர, பின்னணியில் மென்மையான ஓர் இசை ஒலிக்கும். காலையில் கேட்பதால் அதற்கு மார்னிங் மியூசிக் என்றே பெயர். கேட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு வரும் போருக்குக் கொஞ்சமும் பொருந்தாத அமைதி.

இதே கேமின் கஷ்டத்திலிருந்து பிறந்ததுதான் உலகத்திலேயே புகழ்பெற்ற சீட் கோடு, அதாவது ஆட்டத்தை எளிதாக்கும் ரகசிய பட்டன் வரிசை. 1986இல் கிரேடியஸை ஃபேமிகாம் என்ற வீட்டு கேம் கருவிக்கு மாற்றும் வேலையைச் செய்தவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. சோதித்துப் பார்க்கும்போது அவரால் தன் கேமையே முடிக்க முடியவில்லை. அதனால் ஆட்டத்தை இடையில் நிறுத்திவிட்டு மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் பெரும்பாலான ஆயுதங்கள் ஒரேயடியாகக் கிடைக்கும்படி தனக்காக ஒரு வழி வைத்துக்கொண்டார். வெளியிடும்போது அது உள்ளேயே இருந்துவிட்டது. கோனாமி பிறகு வேறு பல கேம்களிலும் அதே வரிசையை வைத்தது. கோன்ட்ராவில் இதே வரிசை 30 உயிர் கொடுத்தது. 90களில் நம் ஊரில் டிவி கேமில் கேசட் மாட்டி கோன்ட்ரா ஆடியவர்களுக்கு அந்த 30 உயிரின் அருமை தெரியும். அது கிரேடியஸ் போட்ட பிச்சை என்பது அப்போது பலருக்குத் தெரிந்திருக்காது. ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார்.

இந்த ரகசிய வரிசையை கிரேடியஸில் பயன்படுத்துவது தவறில்லை. ஆனால் இதுவரை படித்ததை வைத்து யோசித்தால், அது எந்தக் கஷ்டத்தைத் தீர்க்கிறது என்பது விளங்கும். வெறும் கலத்தோடு எழும் அந்த ஒரு கஷ்டத்தைத்தான். உருவாக்கியவருக்கே எது கஷ்டமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தக் கஷ்டத்துக்கு வேறு பதிலும் உண்டு, அதையும் கோனாமியே சொன்னது. 1986இல் வந்த சலமாண்டர் கிரேடியஸின் தம்பி மாதிரி. அதில் செத்தால் பின்னால் போக வேண்டாம், செத்த இடத்திலேயே அடுத்த கலம் வந்துவிடும். சிதறிய ஆப்ஷன்களை மிதக்கும்போதே பிடித்துக்கொள்ளலாம். இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். கட்டங்களும் வெளிச்சமும் இல்லாமல், ஒவ்வொரு பொருளும் நேரடியாகக் கிடைக்கும். ஆடுவதற்குச் சுலபமாக, உற்சாகமாக இருக்கும். எனக்குப் பிடித்த கேம்தான், ஆனாலும் மீண்டு வரும் அந்த இன்பம் அதில் இல்லை என்பேன். இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால் செக்பாயின்ட் என்ற ஒற்றை விதி ஒரு கேமை எப்படி மாற்றுகிறது என்பது கையிலேயே தெரியும்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது 1989இல் ஆர்கேடுக்கு வந்த கிரேடியஸ் 3. ஜப்பான் பதிப்பில் கன்டினியூ, அதாவது உயிர்கள் தீர்ந்த பிறகு மறுபடி காசு போட்டுத் தொடரும் வசதி, கிடையாது. அதில் ஒரு கட்டத்தில் பளிங்குக் கனசதுரங்கள் வலப்பக்கமிருந்து பறந்து வந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு சுவராக வளரும். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது, கண்ணும் துணிச்சலும்தான். இதைப் புதியவர்கள் தொடவே வேண்டாம்.

தொடங்க வேண்டியது முதல் கிரேடியஸ். நெமிசிஸ் என்ற பெயரில் அது கோனாமியின் 2019 ஆர்கேட் தொகுப்பில் இருக்கிறது. 2025இல் வந்த கிரேடியஸ் ஆரிஜின்ஸ் தொகுப்பில் பயிற்சி முறையும், தவறினால் கொஞ்சம் பின்னோக்கிப் போகும் வசதியும் உண்டு. அந்தப் பின்னோக்கும் வசதியைச் சாவதற்கு முந்தைய நொடிக்குப் போகப் பயன்படுத்தாதீர்கள். சாகட்டும். செக்பாயின்டில் வெறும் கலத்தோடு வந்து நின்ற அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். முதல் கேப்ஸ்யூல் எந்த எதிரியிடம் விழுகிறது என்று மட்டும் பாருங்கள், வேகத்தை எடுங்கள், அடுத்த இரண்டு எங்கே என்று தேடுங்கள். முதல் ஸ்டேஜின் கடைசியில் எரிமலைகள் இரண்டும் பாறைகளைக் கக்கும் இடத்தை வெறும் கலத்தோடு ஒரு தடவை தாண்டி, அதற்கடுத்து வரும் பிக் கோர் கப்பலின் நடுவில் உள்ள கருவைச் சுட்டு உடைத்துவிட்டீர்கள் என்றால், இரண்டாவது ஸ்டேஜுக்குத் தாராளமாகப் போகலாம்.